இரண்டு பாட்டில்களும் ஒரு கடலைக்காடும்

வாளையாற்றிலிருந்து தெற்கே இறங்கினால், கேரளம் என்றதும் மனத்தில் எழும் பச்சை மெல்ல வெளிறத் தொடங்கும். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஊராட்சிகளில் மண் கரிசல். காற்று பொள்ளாச்சிக் காற்று. வீட்டுப் பேச்சு பெரும்பாலும் தமிழ். பாலக்காட்டுக் கணவாயின் இந்தக் கிழக்கு ஓரத்திலும், அதே மாவட்டத்தின் வடக்கே மழைமறைவில் கிடக்கும் கிழக்கு அட்டப்பாடியிலும்தான் கேரளத்தின் நிலக்கடலை விளைகிறது. மாநிலத்தின் மற்ற பகுதிகளில் பெய்யும் மழையைக் கடலை தாங்காது. அறுவடை சமயத்தில் ஈரம் நின்றால் கொத்து ரக நிலக்கடலை மண்ணுக்குள்ளேயே முளைவிட்டுவிடும்.

அங்கிருந்து தெற்கே, இடுக்கி மலைகளில் காட்சி வேறு. அடிமாலி, கொன்னத்தடிப் பக்கம் தென்னை, பாக்கு, ஜாதிக்காய் மரங்களின் நிழலில் கொக்கோ நிற்கிறது. தண்டிலேயே காய்த்துத் தொங்கும் அந்தக் காய்களை உடைத்து, வழுவழுப்பான சதையோடு விதைகளை எடுத்து, ஐந்தாறு நாள் புளிக்கவைத்துக் காயப்போடுகிறார்கள். கேரளத்தில் கொக்கோவுக்கு முதல் மாவட்டம் இடுக்கிதான். 2024 கோடையில் காய்ந்த கொக்கோ கிலோ 1000 ரூபாயைத் தாண்டியபோது, ரப்பரும் மிளகும் கைவிட்ட பல குடும்பங்கள் அந்த மரத்தை நன்றியோடு நிமிர்ந்து பார்த்தன.

கடலையும் கொக்கோவும் இப்படி இரு எல்லைகளில் விளைய, இரண்டின் பெயரையும் தாங்கிய இரண்டு பாட்டில்கள் இந்த ஊர்களின் மளிகைக்கடைகளிலும் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. ஒன்று சாக்லேட் ஹேசல்நட் ஸ்ப்ரெட். மற்றது பீனட் பட்டர். இரண்டும் ரொட்டியில் தடவுவதற்கு, இரண்டும் கொட்டைகளை அரைத்தது, இரண்டும் பிள்ளைகளின் காலை உணவு என்ற பேச்சோடு விற்பவை. எது உடம்புக்கு நல்லது என்று ஒரு தாய் கடையில் நின்று யோசிப்பது நியாயமான யோசனை. அதற்குப் பதில் பாட்டிலின் முன்பக்கத்தில் இல்லை. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.

பொருள்களின் பட்டியலை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு என்ற வரிசையில் அச்சிட வேண்டும் என்பது இந்தியாவிலும் சட்டம். உலகில் அதிகம் விற்கும் ஹேசல்நட் ஸ்ப்ரெட்டான நுட்டெல்லாவின் பட்டியலில் முதலில் வருவது சர்க்கரை, இரண்டாவது பாமாயில். ஹேசல்நட் மூன்றாவதாகத்தான் வருகிறது, 13 விழுக்காடு. பால் பவுடருக்குப் பிறகு கொக்கோ 7.4 விழுக்காடு. 100 கிராமில் 56 கிராம் சர்க்கரை. அதாவது 400 கிராம் பாட்டிலை வீட்டுக்கு எடுத்துச் செல்பவர் சுமார் 225 கிராம் சர்க்கரையையும், 52 கிராம் ஹேசல்நட்டையும், 30 கிராமுக்குச் சற்றுக் குறைவான கொக்கோவையும் எடுத்துச் செல்கிறார். பாதிக்கு மேல் சர்க்கரை என்பதால் இதை நான் மிட்டாய் வகையில்தான் சேர்ப்பேன். மிட்டாயை மிட்டாயாக நினைத்து எப்போதாவது தின்பதில் தவறில்லை. காலைப் பலகாரத்தின் இடத்தில் அதை வைப்பதுதான் தவறு.

இந்தப் பண்டம் பிறந்த கதையே பற்றாக்குறையின் கதை. நெப்போலியன் 1806இல் பிரிட்டிஷ் சரக்குகளுக்கு ஐரோப்பியத் துறைமுகங்களை அடைத்தபின் கொக்கோ கிடைப்பது அரிதாகி, இத்தாலியின் டூரின் நகரத்து மிட்டாய்க்காரர்கள் உள்ளூரில் விளைந்த ஹேசல்நட்டை அரைத்துச் சாக்லேட்டோடு கலந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, மறுபடியும் கொக்கோ தட்டுப்பாட்டுக் காலத்தில், ஆல்பா ஊரின் பியெத்ரோ ஃபெரேரோ அதே கலவையைக் கட்டியாக விற்றார். அது குழைவாகி 1964இல் நுட்டெல்லா என்று பெயர் பெற்றது. அமெரிக்காவில் இதைச் சத்தான காலை உணவின் பகுதி என்று விளம்பரம் செய்ததை எதிர்த்துத் தாய்மார்கள் வழக்குப் போட, 2012இல் நிறுவனம் சுமார் 30 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

ஒரு தேக்கரண்டி நிறைய, 15 கிராம் எடுத்துக்கொண்டால் எட்டு கிராமுக்கு மேல் சர்க்கரை. பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை இரண்டு ரொட்டித் துண்டுகளில் தாராளமாகத் தடவினால் 20 கிராம் ஆகிவிடும். சேர்க்கப்படும் சர்க்கரை ஒருநாள் சக்தித் தேவையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. அந்தப் பாதி என்பது வளர்ந்த ஒருவருக்கு 25 கிராம் அளவு. பிள்ளைக்கு இன்னும் குறைவு. டீயும் பிஸ்கட்டும் வருவதற்கு முன்பே காலைச் சாப்பாட்டில் அது தீர்ந்துவிடுகிறது.

கேரளத்தில் இது சின்ன விஷயம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், வளர்ந்தவர்களில் நீரிழிவு உள்ளோரின் விகிதம் கேரளத்தில் 25.5 விழுக்காடு. கோவாவும் புதுச்சேரியும் மட்டுமே அதற்கு முன்னால். நாலில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் உள்ள மாநிலத்தில், சர்க்கரையைக் கொட்டை என்று நம்பி வாங்கும்படி விடக்கூடாது.

கொக்கோவில் நல்லது இல்லையா என்று அடிமாலிக்காரர் கேட்டால், உண்டு என்றுதான் சொல்ல வேண்டும். கொக்கோ விதையில் ஃபிளவனால் என்ற துவர்ப்புச் சத்துகள் இருக்கின்றன. இரத்தக் குழாய்ச் சுவர் தேவைக்கேற்ப விரிந்துகொடுக்க அவை துணைசெய்கின்றன. நாளுக்கு 200 மில்லிகிராம் ஃபிளவனால் போனால் இந்தப் பலன் கிடைக்கும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் 21,000க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் கொக்கோச் சாற்றைக் கொடுத்துப் பார்த்த காஸ்மாஸ் ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. மொத்த இதயநோய் நிகழ்வுகளில் உறுதியான குறைவு தெரியவில்லை. இதயநோய் மரணங்கள் மட்டும் குறைந்திருந்தன. நம்பிக்கை தரும் முடிவு, ஆனால் முழுத் தீர்ப்பு இல்லை. அவர்கள் விழுங்கியது நாளுக்கு 500 மில்லிகிராம் ஃபிளவனால் அடங்கிய மாத்திரை. புளிக்கவைத்தல், வறுத்தல், கசப்பைப் போக்கக் காரம் சேர்த்துப் பதப்படுத்துதல் என்று ஒவ்வொரு படியிலும் ஃபிளவனால் கரைந்துகொண்டே வரும். கடைசியில் 7 விழுக்காடு கொக்கோ உள்ள ஒரு பண்டத்தில் அந்த அளவை எட்ட வேண்டுமானால் தின்ன வேண்டிய சர்க்கரை, கிடைக்கும் நன்மையை மூழ்கடித்துவிடும். இடுக்கிக் கொக்கோவின் நல்லதை அடைய விரும்புகிறவர் இனிப்பில்லாத கொக்கோத் தூளைச் சூடான பாலில் கலந்து குடிக்கட்டும். கசக்கும். அந்தக் கசப்பில்தான் சத்தும் இருக்கிறது.

இனிக் கடலைக்கு வருவோம். இதைப் பற்றிப் பேசத்தான் எனக்கு உண்மையில் ஆசை.

பெயரில் கொட்டை என்றாலும் நிலக்கடலை பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது. துவரைக்கும் அவரைக்கும் பங்காளி. ஆனால் மற்றப் பயறுகளில் பெரும்பாலானவை மாவுச்சத்தைச் சேர்த்துவைக்கும் இடத்தில் இது எண்ணெயைச் சேர்க்கிறது. 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம், ரகத்தைப் பொறுத்து 40 முதல் 50 கிராம் கொழுப்பு, தாராளமான நார்ச்சத்து, நயாசின் என்ற பி-வைட்டமின், மக்னீசியம், ஃபோலேட். அதன் இயல்பான சர்க்கரை 5 கிராம் அளவுதான். கொழுப்பு இவ்வளவா என்று மலைக்க வேண்டாம். அதில் இரத்தக் கொழுப்பை ஏற்றும் நிறைவுற்ற வகை ஆறில் ஒரு பங்கு போலத்தான். ஹேசல்நட் ஸ்ப்ரெட்டின் கொழுப்பிலோ பாமாயில் புண்ணியத்தில் அது மூன்றில் ஒரு பங்கு. கலோரியை மட்டும் பார்த்தால் பீனட் பட்டர்தான் கூடுதல். கலோரி எண்ணை மட்டும் வைத்து உணவை எடைபோடுவது எவ்வளவு அரைகுறையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஒரு கரண்டி கடலை விழுதிலிருந்து நாலு கிராமுக்கு அருகில் புரதம் வரும். அதே கரண்டி ஸ்ப்ரெட்டில் ஒரு கிராம்கூட வராது. கடலை மெதுவாகச் செரிக்கும், பசியை நீண்ட நேரம் தாங்கும், இரத்தச் சர்க்கரையைத் திடீரென்று தூக்காது.

அமெரிக்காவில் 83,000க்கும் மேற்பட்ட செவிலியர்களைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. வாரத்தில் ஐந்து முறையாவது பீனட் பட்டர் சாப்பிட்ட பெண்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு, கிட்டத்தட்ட அதைத் தொடாதவர்களைவிட 21 விழுக்காடு குறைந்திருந்தது. இது கவனித்து எழுதிய கணக்கு. அந்தப் பெண்களின் மற்றப் பழக்கங்களும் இதில் கலந்திருக்கலாம் என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் கடலையின் கட்டமைப்பைப் பார்த்தால் முடிவு வியப்பாக இல்லை.

விழுதா, முழுக் கடலையா என்ற கேள்விக்கும் ஒரு பழைய ஆய்வு அழகான விடை வைத்திருக்கிறது. 1980இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலருக்கு முழுக் கடலை, கடலை விழுது, கடலை எண்ணெய் என்று தனித்தனியாகக் கொடுத்து, உடம்பில் சேராமல் மலத்தோடு வெளியேறும் கொழுப்பை அளந்தார்கள். முழுக் கடலை தின்றபோது உண்ட கொழுப்பில் 18 விழுக்காடு போல வெளியே போனது. விழுதில் 7 விழுக்காடு, எண்ணெயில் 4.5. எவ்வளவு மென்றாலும் கடலையின் செல்களில் பல உடையாமலே குடலைக் கடந்துவிடுகின்றன. உள்ளிருக்கும் எண்ணெய் செரிக்கும் நீருக்கு எட்டுவதில்லை. அரைத்தால் செல்சுவர் உடைந்து எண்ணெய் வெளிப்படுகிறது. ஆக, உடல் எடையும் சர்க்கரையும் கூடிய நடுவயதுக்காரருக்கு வேகவைத்த அல்லது வறுத்த முழுக் கடலைதான் சரி. ஒவ்வொரு கவளமும் உடம்பில் ஒட்ட வேண்டிய மெலிந்த குழந்தைக்கு விழுதுதான் சரி.

இந்த இரண்டாவது வகை உடம்புகளும் இதே பாலக்காடு மாவட்டத்தில் இருக்கின்றன. அட்டப்பாடியில் 2013இல் இருளர், முதுகர், குறும்பர் ஊர்களில் பச்சிளங் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது, இரத்தசோகை பிடித்த தாய்மாரும் எடை குறைந்த பிறப்புகளும் செய்தியாயின. ராகி, சாமை, துவரை, அவரை, கடலை என்று கலந்து விதைத்து உண்ட மக்கள், நிலம் கைவிட்டுப் போனபின் ரேஷன் அரிசியின் மேல் மட்டும் நிற்க வேண்டியிருந்தது. நாலில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் உள்ள மாநிலத்தின் ஓர் ஓரத்தில் பசி. ஒரே உணவு அறிவுரையை இரு கூட்டத்துக்கும் சொல்ல முடியாது.

கடும் ஊட்டச்சத்துக் குறைவால் வாடும் குழந்தைகளுக்கு உலகெங்கும் இன்று கொடுக்கப்படும் பிளம்பிநட் என்ற விழுதின் பிறப்பு இந்த இரண்டு பாட்டில்களையும் ஒரு புள்ளியில் சந்திக்கவைக்கிறது. 1990களில் பிரெஞ்சு மருத்துவர் ஆந்திரே பிரியான், மருத்துவமனையில் கொடுக்கும் சத்துப் பாலுக்கு மாற்றுத் தேடிக்கொண்டிருந்தார். பால் பவுடரைக் கரைக்க நல்ல தண்ணீர் வேண்டும். அசுத்தத் தண்ணீரில் கரைத்தால் வயிற்றுப்போக்கில் குழந்தை போய்விடும். சாப்பாட்டு மேசையிலிருந்த ஹேசல்நட் ஸ்ப்ரெட் பாட்டிலின் சீட்டைப் பார்த்தபோது வழி தெரிந்தது. தண்ணீரே இல்லாத, எண்ணெயில் குழைந்த பண்டத்தில் கிருமி வளராது, அடுப்பும் வேண்டாம். ஹேசல்நட்டின் இடத்தில் கடலை, கொக்கோவைத் தள்ளிவிட்டுக் கூடுதல் பால் பவுடர், வைட்டமின், தாது உப்புகள். மிஷெல் லெஸ்கானின் நிறுவனத்தோடு சேர்ந்து 1996இல் உருவான 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி. அதிலும் சர்க்கரை உண்டு. நலமான பிள்ளைக்கு அது தேவையில்லாத பண்டம். சாவின் விளிம்பில் நிற்கும் பிள்ளைக்கு மருந்து. இந்தியாவுக்கு 2008 வாக்கில் யுனிசெஃப் இதை இறக்குமதி செய்து பீகாரிலும் மத்தியப் பிரதேசத்திலும் கொடுக்க, அடுத்த ஆண்டே மத்திய அரசு நிறுத்தச் சொன்னது. வெளிநாட்டுப் பொட்டலம் வீட்டு உணவின் இடத்தைப் பிடித்துவிடும் என்ற கவலை ஒரு பக்கம், காத்திருக்க நேரமில்லாத குழந்தை மறு பக்கம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. உள்ளூர்க் கடலை, உள்ளூர் அரைவை, மருத்துவக் கண்காணிப்பு மூன்றும் சேர்ந்தால் இந்தச் சண்டைக்கே அவசியமிராது என்பது என் எண்ணம்.

கடையில் பீனட் பட்டர் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லாப் பாட்டிலும் ஒன்றில்லை. தனிக் கடலையை அரைத்துவைத்தால் சில நாளில் எண்ணெய் மேலே மிதக்கும். 1920களில் ஜோசப் ரோஸ்ஃபீல்டு என்ற அமெரிக்கர், ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய எண்ணெயைச் சேர்த்து இதைத் தடுத்தார். அதற்குப் பிறகு கடலையைக் குறைத்து எண்ணெயைக் கூட்டும் போட்டியே நடந்து, எத்தனை விழுக்காடு கடலை இருந்தால் அந்தப் பெயரில் விற்கலாம் என்று அமெரிக்க அரசு 1959இல் தொடங்கிய விசாரணை 1971இல்தான் முடிந்தது. தீர்ப்பு 90 விழுக்காடு. இந்தியாவில் உணவில் சேரும் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதி 2022இல் வந்துவிட்டதால் பழைய அச்சம் ஓரளவு குறைந்தது. இருந்தாலும் பட்டியலில் கடலையும் உப்பும் மட்டும் இருக்கும் பாட்டிலே மேல். சாக்லேட் சுவை சேர்த்த பீனட் பட்டர் என்றால் சர்க்கரை எத்தனை கிராம் என்று பார்க்காமல் எடுக்க வேண்டாம்.

வாங்கவே வேண்டும் என்பதும் இல்லை. கடலையை மிதமான தீயில் மணம் வரும்வரை வறுத்து, தோல் நீக்கி, ஆறவைத்து மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டினால் முதலில் மாவாகும், பிறகு உருண்டு கட்டும், அப்போதும் நிறுத்தாமல் ஓட்டினால் தன் எண்ணெயிலேயே இளகி விழுதாகிவிடும். மிக்ஸி சூடேறினால் சற்று ஓய்வு கொடுக்க வேண்டும். இனிப்புக்கு மறையூர்ச் சர்க்கரை சேர்க்கலாமே என்று இடுக்கிப் பக்கம் கேட்பார்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வெல்லத்தின் மணத்துக்கு ஈடில்லை. ஆனால் இரத்தத்தில் அதுவும் சர்க்கரைதான். கடலை மிட்டாயும் அப்படியே: பாதி சத்து, பாதி இனிப்பு. கொஞ்சமாக இருக்கட்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழுக் கடலை தரக்கூடாது, மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும்; விழுதைக் கஞ்சியில் கரைத்துக் கொடுப்பதே பாதுகாப்பு.

இவ்வளவு புகழுக்கும் உரிய கடலைக்கு ஒரு கொடிய எதிரி உண்டு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணமும், அது சுரந்த அஃப்ளாடாக்சினும் கண்டுபிடிக்கப்பட்டன. அந்த நஞ்சு கல்லீரலைத் தாக்கும், நாள்பட்டால் புற்றுநோயாகும். 1974இல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடி ஊர்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூறுக்கும் மேற்பட்டோர் இறந்ததை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் பதிவு செய்திருக்கிறார்கள். வறுத்தால் நஞ்சு குறையும், முழுக்கப் போகாது. அரைத்துவிட்டாலோ சொத்தைக் கடலை கண்ணுக்கே தெரியாது. அதனால் விழுதின் தரம் மிக்ஸியில் தீர்மானமாவதில்லை, களத்தில் தீர்மானமாகிறது.

காய்ப்பருவத்தின் கடைசி வாரங்களில் வறட்சி தாக்கினால் செடியின் எதிர்ப்பு குன்றிப் பூசணம் மண்ணிலேயே ஏறிவிடும். கணவாயின் கிழக்கு ஓரத்தில் இந்த அபாயம் எப்போதும் உண்டு. பறித்தபின் வடகிழக்குப் பருவமழை வந்து கொடியோடு நனைத்தால் இன்னும் மோசம். காயின் ஈரம் 8 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை காயவைக்க வேண்டும். குலுக்கினால் பருப்பு உள்ளே கலகலக்க வேண்டும் என்று கடலைக்காட்டுப் பெண்கள் சொல்வதும் இதையேதான். உடைக்கும்போது பருப்பு நொறுங்காமலும் எடை குறையாமலும் இருக்கக் காய்ந்த காயில் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அத்தனை நாள் வெயிலின் உழைப்பையும் ஒரு குடம் தண்ணீர் அழித்துவிடும்.

கேரளத்தின் அங்கன்வாடிகளில் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அமிர்தம் நியூட்ரிமிக்ஸ் மாவில் கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, சர்க்கரையோடு பத்தில் ஒரு பங்கு நிலக்கடலை. குடும்பஸ்ரீ பெண்கள்தான் அதை அரைத்துப் பொட்டலமாக்குகிறார்கள். அந்தக் கடலையைக் கொழிஞ்சாம்பாறை அடங்கிய சிற்றூர் வட்டத்திலிருந்தும் கிழக்கு அட்டப்பாடியிலிருந்தும் வாங்க, ஊராட்சிக்கு ஒரு சிமெண்ட் களம், ஒரு தார்ப்பாய்க் கூரை, ஈரம் அளக்கும் ஒரு கருவி, பூசணம் பிடித்த பருப்பைப் பொறுக்கி எடுக்க நாலு பெண்களுக்கு நாள்கூலி இருந்தால் போதும். எல்லையோர வேலந்தாவளம் சந்தையில் வியாபாரி சொன்ன விலைக்குக் கடலையைத் தள்ளிவிடும் விவசாயிக்கு அரசே வாங்குபவராக நிற்கும். சர்க்கரையைச் சற்றுக் குறைத்துக் கடலையைச் சற்றுக் கூட்டலாமா என்பதையும் ஊட்டச்சத்து அறிஞர்கள் அப்போது பார்த்துச் சொல்லட்டும்.